மூன்று அங்குலம் பின்னால்

திருச்சி பொன்மலையில் ரயில்வே குடியிருப்புகளின் வரிசை முடிந்து பொன்மலைப்பட்டி வீடுகள் நெருக்கமாகத் தொடங்கும் இடத்தில் தகரக் கூரை போட்ட பட்டறை அது. வழக்கமாக கேட்டும் கிரில்லும் மாடிப்படிக் கைப்பிடியும் செய்கிற இடம். நான் போன அன்று அவையெல்லாம் சுவரோரம் சாய்ந்து கிடந்தன. நடுவில் இரண்டே சக்கரத்தில் ஒரு வண்டி. முன்னால் ஏ வடிவக் கம்பியும் அதன் நுனியில் கொக்கியும். சட்டத்தின் மேல் முன்பக்கம் உருண்டு எழுந்து, பின்பக்கம் சரிந்து இறங்கும் ஒரு மரக்கூடு. பக்கவாட்டில் பார்த்தால் பாதியாக அறுத்த மாங்காய் போல இருந்தது.

தெருவில் போகிற பிள்ளைகள் எட்டிப் பார்த்து, "ஷூட்டிங் கேரவனா தாத்தா?" என்று கேட்டுவிட்டு ஓடுகிறார்கள். நடிகர்களின் கேரவன் பேருந்து அளவுக்கு இருக்கும். இது எட்டடி நீளம், நாலடி அகலம். உள்ளே இரண்டு பேர் படுக்கலாம்; நிற்க முடியாது, உட்காரலாம். பின்பக்கத்தை டிக்கி மாதிரித் தூக்கினால் அடுப்பங்கரை. ஆள் வெளியே தரையில் நின்றபடி சமைக்க வேண்டும். காருக்குப் பின்னால் கொக்கி மாட்டி இழுத்துப் போகிற படுக்கையறை என்று சொன்னால் சரியாக இருக்கும்.

செய்கிறவர் பொன்மலை ரயில்வே பணிமனையின் வேகன் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். "எதுக்கு ஐயா இந்த வேலை?" என்று கேட்டேன்.

"பாஸ் இருந்துச்சு, தம்பி. கன்னியாகுமரியிலேருந்து ஜம்மு வரைக்கும் நானும் வீட்டம்மாவும் ரயில்லயே போயிட்டோம். ரயில் போகாத ஊர்ல ஒரு ராத்திரி படுக்கணும். பச்சமலையில, கொல்லிமலையில. லாட்ஜ் இல்லாத இடமாப் பார்த்து."

ரயில்வேக்காரர் ஒருவருக்கு இதைவிட நியாயமான ஆசை இருக்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

நீர்த்துளியைப் போன்ற இந்த வடிவம் அமெரிக்காவில் 1930களில் பிறந்தது. கையில் காசு குறைவாக இருந்த அந்தக் காலத்தில், வீட்டுக் கொட்டகையிலேயே செய்துகொள்ளக்கூடிய வண்டியாகப் பரவியது. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் போர் விமானங்களுக்கென்று உருட்டிய அலுமினியத் தகடு மலிவாகக் கிடைக்க, கூரைக்கு அதையே போட்டார்கள். 1947இல் மெக்கானிக்ஸ் இல்லஸ்ட்ரேட்டட் என்ற இதழ் அளவுகளோடு வரைபடமே வெளியிட்டது. துளி வடிவம் காற்றைக் கிழிக்கும் என்று சொல்வார்கள். அது பாதி உண்மைதான். எட்டடிக்கு நாலடி என்ற அளவு வந்ததற்குக் காரணம் பிளைவுட் பலகை அந்த அளவில் விற்பது. ஒரு பலகை தரைக்கு, பக்கத்துக்கு ஒன்று. வளைவைச் சீவி எறிந்தால் சுவர் தயார். அமெரிக்கக் கடையிலும் அதே அளவு, திருச்சி மரக்கடையிலும் அதே அளவு.

அடிச்சட்டம் பழைய ஜெனரேட்டர் டிரெய்லர். கல்யாண மண்டபத்துக்கும் திருவிழாவுக்கும் ஜெனரேட்டரை இழுத்துக்கொண்டு போவார்களே, அது. அதை வாங்கி வந்து குறுக்குச் சட்டங்களை முழுக்க அறுத்து எடுத்துவிட்டார். மீட்டருக்கு ஏழு கிலோ வரும் 75 மில்லிமீட்டர் சேனலால் செய்திருந்தார்கள். ஜெனரேட்டருக்கு அது வேண்டும், படுக்கைக்கு வேண்டாம். நீளவாட்டில் ஓடும் இரண்டு சேனல்களை மட்டும் வைத்துக்கொண்டு, குறுக்கே 50க்கு 50 சதுர டியூப் போட்டிருக்கிறார். மூன்று மில்லிமீட்டர் கனத்தில் அது மீட்டருக்கு நாலேகால் கிலோதான்.

சட்டம் கோணாமல் இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது என்று கேட்டதும் இன்ச் டேப்பின் ஒரு நுனியை என் கையில் கொடுத்து முன் மூலையில் பிடிக்கச் சொன்னார். எதிர் மூலையில் அவர் பிடித்தார். 2728 மில்லிமீட்டர். மற்ற இரண்டு மூலைகளுக்கும் மாறிப் பிடித்தோம். அதே 2728. மூலைமட்டம் வைத்து நாலு மூலையையும் தனித்தனியாகப் பார்ப்பதைவிட இந்தக் குறுக்களவு ஒன்று போதும். எதிரெதிர்ப் பக்கங்கள் ஒரே நீளமாக இருக்கும் சட்டத்தில் இந்த இரண்டும் சமமாக இருந்தால் அது செவ்வகம்தான். இந்தச் சமம் வெல்டிங் முடிந்த பிறகும் நிற்க வேண்டும், கஷ்டம் அங்கேதான். ஒரு பக்கத்தை முழுதாக ஓட்டிவிட்டு அடுத்த பக்கம் வந்தால், சூடு ஆறும்போது இரும்பு சுருங்கிச் சட்டத்தையே இழுத்துவிடும். அதனால் எல்லா இணைப்பிலும் முதலில் பொட்டுப் பொட்டாக டேக் அடித்து, டேப் பிடித்து, பிறகு எதிரெதிர் மூலையாக மாற்றி மாற்றி ஓட்டியிருக்கிறார். வெல்டிங் தடங்களைக் குனிந்து பார்த்தேன். ஒரே அகலம், ஒரே அலை. கிரைண்டிங் போட்டு மறைக்க வேண்டிய அவசியமே அவருக்கு இருந்திருக்கவில்லை.

இந்த ஊரில் இப்படிப்பட்ட கை கிடைப்பது ஆச்சரியமில்லை. தென்னிந்திய ரயில்வே கம்பெனி 1920களின் பிற்பகுதியில் நாகப்பட்டினத்திலிருந்து தன் பணிமனையை இங்கே கொண்டுவந்த நாளிலிருந்து, தலைமுறை தலைமுறையாக இரும்பு வேலை பார்த்து வளர்ந்த ஊர் பொன்மலை. ஊட்டி மலை ரயிலுக்கு எக்ஸ் வகை நீராவி இன்ஜின்கள் ஒரு காலத்தில் சுவிட்சர்லாந்தின் வின்டர்தூரிலிருந்து வந்தன. 2011இல் புதிதாக ஓட வந்த எண்ணெயில் இயங்கும் எக்ஸ் இன்ஜின் பொன்மலையிலேயே கட்டியது. பன்னிரண்டரை அடிக்கு ஓரடி ஏறுகிற மலைப்பாதையில் பல்சக்கரம் பிடித்து ஏறும் இன்ஜின் அது. கொஞ்சம் தள்ளித் திருவெறும்பூரில் பெல் நிறுவனம். திருவாரூர் ஆழித் தேருக்கு இரும்பு அச்சும் சக்கரமும் பிரேக்கும் செய்து கொடுத்தவர்கள் அவர்கள்தான். டன் கணக்கில் நினைத்துப் பழகிய ஊர் இது. அப்படிப்பட்ட ஊரில் ஒருவர் உட்கார்ந்து கிராம் கணக்குப் பார்ப்பதுதான் இந்தப் பட்டறையில் எனக்குப் பிடித்த விஷயம்.

பட்டறையின் பின்சுவர் முழுக்கச் சாக்பீஸ் எழுத்து. ஒவ்வொரு பாகத்தையும் ஏற்றுவதற்கு முன் எடை போட்டு எழுதியிருக்கிறார். சட்டம் 95. அச்சு, கமான்பட்டை, சக்கரம் சேர்த்து 85. சக்கரம் டாடா ஏஸ் வண்டியில் வரும் 12 அங்குலச் சக்கரம். டயர் எந்த ஊர்க் கடையிலும் கிடைக்கும் என்பதால் அது. இரண்டு பக்கச் சுவரும் சேர்த்து 40. பன்னிரண்டு மில்லிமீட்டர் பிளைவுட் ஒரு முழுப் பலகை 23, 24 கிலோ வரும். வளைவு சீவிப் போனதில் குறைந்திருக்கிறது. கூரைக்குள் ஓடும் விலா எலும்புகளுக்குத் தேக்கு போடவில்லை. வெளிநாட்டு இயந்திரங்கள் வந்து இறங்கும் பெட்டியைப் பிரித்து விற்கும் பைன் மரச் சட்டம். விலையும் குறைவு, எடையும் குறைவு. கூரை நாலு மில்லிமீட்டர் பிளைவுட் இரண்டு அடுக்கு. ஈரத்துணி போட்டு ஊறவைத்து வளைத்து, முதல் அடுக்கை ஒட்டிக் காயவிட்டு, அதன் மேல் இரண்டாவது. ஒரே எட்டு மில்லிமீட்டர் பலகையாகப் போட்டால் இந்த வளைவுக்கு முறிந்துவிடும். மேல்தோல் ஒரு மில்லிமீட்டர் அலுமினியம். சதுர மீட்டருக்கு 2.7 கிலோ. அதே கனத்தில் இரும்புத் தகடு என்றால் கிட்டத்தட்ட எட்டு கிலோ. சுவரின் கடைசி வரியில் 400 என்று எழுதி இரண்டு கோடு போட்டிருந்தார்.

மொத்த எடையைக் குறைப்பதைவிட முக்கியமானது அந்த எடை எங்கே உட்காருகிறது என்பது. இதை வாயால் சொல்லாமல் செய்து காட்டினார்.

வீட்டில் எடை பார்க்கும் மெஷின் ஒன்றை எடுத்து வந்து, மேலே ஒரு மரக்கட்டையை நிறுத்தி, வண்டியின் கொக்கியை அதன் மேல் இறக்கினார். வண்டி தரைமட்டத்துக்கு இருக்கிறதா என்று ரசமட்டம் வைத்துப் பார்த்துக்கொண்டார். மெஷின் 48 காட்டியது. மொத்தம் 400இல் 48, அதாவது நூற்றுக்கு 12. கொக்கியில் விழும் பாரம் மொத்த எடையில் பத்திலிருந்து பதினைந்து சதவீதம் இருக்க வேண்டும் என்பது அமெரிக்காவில் டிரெய்லர் இழுப்பவர்கள் வைத்திருக்கும் கணக்கு. பத்துக்குக் கீழே இறங்கினால் வால் பாரம் அதிகம். வேகம் கூடும்போது, அல்லது பக்கத்தில் ஒரு லாரி உரசிக்கொண்டு போகும் காற்றில், வண்டியின் வால் ஆட ஆரம்பிக்கும். அந்த ஆட்டம் தானே வளர்ந்து காரையும் பிடித்து உலுக்கும். பதினைந்துக்கு மேலே போனால் காரின் பின்பக்கம் அமுங்கி, முன்சக்கரத்தின் பிடி குறையும்.

"ரயில்லயும் இது உண்டு, தம்பி. ஹண்டிங்னு சொல்வோம். போகி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அலையும். மெதுவாப் போறப்ப தெரியாது. ஒரு வேகம் தாண்டினா பிடிச்சு ஆட்டும். ஆனா அங்க தண்டவாளம் இருக்கு. இங்க என்ன இருக்கு?"

இப்போது வீட்டம்மாவைக் கூப்பிட்டார். அடுப்பங்கரைச் சாமான் எல்லாம் தயாராக இருந்தன. இரட்டை அடுப்பு, 5 கிலோ சிலிண்டர், பாத்திரம், அரிசி பருப்பு டப்பாக்கள், மடக்கு நாற்காலி இரண்டு. எல்லாம் சேர்த்து 40 கிலோ. ஒவ்வொன்றாகப் பின்பக்க அலமாரியில் அடுக்க அடுக்க, நான் மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தேன். 45, 42, 38. கடைசி நாற்காலி ஏறியதும் 34. மொத்தம் 440 கிலோவில் 34 என்றால் எட்டு சதவீதம்கூட இல்லை. நின்ற இடத்தில் வண்டியைப் பார்த்தால் எந்த வித்தியாசமும் தெரியவில்லை. முதல் நாள் நெடுஞ்சாலையில்தான் தெரிந்திருக்கும்.

"இவரு எடை எடைன்னு என் இட்லிப் பானையவே வேணாம்னுட்டாரு தம்பி. அப்புறம் அலுமினியப் பானையா வாங்கி, கடையிலேயே தராசுல வச்சுப் பார்த்துத்தான் காசு குடுத்தாரு" என்றார் அந்த அம்மா. அடுப்பு மேடையின் உயரம் அவர் சொன்னபடிதான் வைத்திருக்கிறது. முதலில் செய்தது இரண்டு அங்குலம் தாழ்வாக இருந்ததால் குனிந்து நிற்க வேண்டியிருந்ததாம். பிரித்து உயர்த்தச் சொல்லிவிட்டார். தினமும் சமைக்கிறவரைக் கேட்காமல் அடுப்பங்கரை வரைகிற எல்லோரும் இந்த வீட்டுக்கு ஒருமுறை வந்து போகலாம்.

ஐயா 20 லிட்டர் தண்ணீர் கேனைத் தூக்கி, கொக்கிக்குப் பின்னால் ஏ கம்பியின் மேல் இருந்த பெட்டியில் வைத்தார். மெஷின் 47க்கு ஏறியது. "சரியாயிடுச்சே ஐயா" என்றேன்.

"தண்ணியக் குடிச்சுத் தீர்த்துட்டா?"

நான் பேசாமல் நின்றேன். திரும்பி வருகிற வழியில் கேன் காலியாகத்தான் இருக்கும். தீர்ந்து போகிற பொருளை நம்பி எடையைச் சரிக்கட்டக் கூடாது.

அச்சை நகர்த்துவதுதான் அவருடைய விடை. கமான்பட்டைகளைச் சட்டத்தோடு நேராக வெல்டிங் வைக்காமல், இரண்டு பக்கமும் நீளமான ஆங்கிள் போட்டு, அதில் ஒன்றரை அங்குலத்துக்கு ஒரு துளை வீதம் வரிசையாகப் போட்டு வைத்திருக்கிறார். சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் முட்டுக்கட்டை கொடுத்துச் சட்டத்தை ஜாக்கியில் நிறுத்தினார். ஸ்ரீரங்கத்துத் தேரோட்டத்தில் சக்கரத்துக்கு அடியில் சொருகுவார்களே, அதே ஆப்பு வடிவம். பட்டறையில் கிடந்த புளியமரத் துண்டில் அவரே செதுக்கியது. போல்ட்டுகளைக் கழற்றி, அச்சை இரண்டு துளை, அதாவது மூன்று அங்குலம், பின்னால் தள்ளி மறுபடியும் மாட்டினார். ஒவ்வொரு நட்டையும் முடுக்கி முடித்து, அதன் மேலும் போல்ட்டின் மேலும் சேர்த்து ஒரு மஞ்சள் பெயின்ட் கோடு இழுத்தார். நட்டு துளி அசைந்தாலும் கோடு விலகிக் காட்டிக் கொடுத்துவிடும். ஒவ்வொரு முறை வண்டி நிற்கும்போதும் குனிந்து இந்தக் கோடுகளைப் பார்த்துவிட்டுத்தான் மற்ற வேலை என்றார்.

கொக்கியை மறுபடி மெஷின் மேல் இறக்கினோம். தண்ணீர் கேன் இல்லாமல் 46, பத்தரை சதவீதம். நிரம்பிய கேனோடு 60, பதின்மூன்று. தண்ணீர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கணக்குக்குள் நிற்கிறது. அவர் சுவருக்குப் போய் இரண்டு எண்ணையும் எழுதினார்.

டிரெய்லர் வாங்கி மேலே ஒரு பெட்டி கட்டினால் போதும் என்று நினைக்கிற இளைஞர்களுக்கு நான் இந்தப் பகுதியைத்தான் அழுத்திச் சொல்வேன். விளக்கும் மெத்தையும் அலங்காரமும் பிறகு. அச்சு எங்கே இருக்க வேண்டும் என்று தெரியும்வரை அதை நிரந்தரமாக வெல்டிங் வைக்காதீர்கள்.

வெயில் சமாசாரத்தையும் சொல்ல வேண்டும்.  திருச்சியில் சித்திரை, வைகாசி மாதங்களில் வெயில் 40 டிகிரியைத் தொடும். மூடிய அலுமினியக் கூட்டுக்குள் ஒருவரும் படுக்க முடியாது. உள்பலகைக்கும் வெளிப்பலகைக்கும் நடுவில் 25 மில்லிமீட்டர் தெர்மகோல் வைத்திருக்கிறார், கூரைக்கு வெள்ளை பெயின்ட், இரண்டு கதவிலும் எதிரெதிராகக் கொசுவலை ஜன்னல், உச்சியில் காற்று வெளியேற ஒரு திறப்பு, 12 வோல்ட் மின்விசிறி. இவ்வளவு இருந்தும் கத்திரி வெயிலுக்கு இது ஆகாது என்று அவரே சொல்கிறார். மலைக்கும் மார்கழிக்கும்தான். சிலிண்டர் எப்போதும் பின்னால் வெளி அலமாரியில்தான். படுக்கும் பக்கத்துக்கும் அடுப்பங்கரைக்கும் நடுவில் இடைவெளி இல்லாத தடுப்புச் சுவர். அதன் ஓரங்களில் விரலை ஓட்டிப் பார்த்தேன், ஊசி நுழையவும் இடமில்லை.

சாலைக்கு இது எப்போது வரும்? இங்கேதான் எனக்கு வருத்தம். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் டிரெய்லரையும் மோட்டார் வாகனம் என்ற வரையறைக்குள்ளேயே வைத்திருக்கிறது. எனவே 39ஆம் பிரிவின்படி பதிவு இல்லாமல் பொதுச் சாலையில் இழுக்கக் கூடாது. பழைய ஜெனரேட்டர் டிரெய்லருக்குக் காகிதம் இருந்தாலும், தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது 52ஆம் பிரிவு. புது மாதிரியாகப் பதிவு செய்வதென்றால் புனேயில் உள்ள ஏஆர்ஏஐ வாகன ஆராய்ச்சி நிறுவனம், சென்னைக்குப் பக்கத்தில் ஒரகடத்தில் உள்ள வாகனச் சோதனை மையம் போன்ற இடங்களில் சோதனைச் சான்று வாங்க வேண்டும். ஆயிரக்கணக்கில் வண்டி செய்து விற்கும் கம்பெனிக்கு ஏற்ற முறை அது. ஒரே ஒரு வண்டி செய்கிறவர் அந்த வாசலில் போய் நிற்பது எளிதல்ல.

கூட்டைக் கழற்றி மாட்டும்படி செய்துவிட்டு, "இது சரக்கு" என்று சொல்லிச் சமாளிக்கலாம் என்று யாரோ அவருக்கு யோசனை சொன்னார்களாம். அவர் ஏற்கவில்லை. நானும் ஏற்கமாட்டேன். பின்னால் வரும் வண்டிக்காரருக்கும் உயிர் இருக்கிறது. டிரெய்லருக்குச் சட்டம் கடுமையாக இருப்பது தேவைதான். ஆனால் ஜெர்மனியில் தனி ஆள் செய்த ஒற்றை வண்டியைக்கூட அங்கீகாரம் பெற்ற நிபுணர் ஒருவர் நேரில் பரிசோதித்துச் சான்று கொடுக்க வழி இருக்கிறது. அதே வழி இங்கேயும் வேண்டும் என்பது என் கோரிக்கை. எடை போடுங்கள், பற்றவைப்பைச் சோதியுங்கள், விளக்கையும் கொக்கியையும் பாதுகாப்புச் சங்கிலியையும் இழுத்துப் பாருங்கள், தவறினால் திருப்பி அனுப்புங்கள். பற்றவைப்பைச் சோதிக்க இந்த ஊரைவிடத் தகுதியான ஊர் எது? பெல் வளாகத்தில் பற்றவைப்பு ஆராய்ச்சி நிலையம் 1975இலிருந்து இருக்கிறது. துவாக்குடியில் என்ஐடி இருக்கிறது. நம் சட்டக் கணக்கில் 750 கிலோ வரையிலான டிரெய்லர்கள் டி1 என்று தனி வகுப்பு. தனி ஆள் செய்யும் வண்டிகளுக்கு அந்தச் சிறு வகுப்பிலிருந்தாவது தொடங்கலாம். பக்கத்து மாநிலம் 2021இல் கேரவன் கேரளா என்று திட்டமே அறிவித்துச் சுற்றுலாவுக்குக் கேரவன்களை அழைத்தது. அவையெல்லாம் பெரிய வண்டிகள், பெரிய முதலீடு. பொன்மலைப்பட்டிச் சந்தில் நானூறு கிலோவில் ஒருவர் செய்திருப்பதற்கும் ஓர் இடம் வேண்டும்.

அதுவரை என்ன செய்வதாக உத்தேசம் என்று கேட்டேன். மருமகனுக்குப் பச்சமலை அடிவாரத்தில் கொஞ்சம் நிலம் இருக்கிறதாம். மினி லாரியில் ஏற்றிக் கொண்டுபோய் அங்கே இறக்கி, இந்தக் குளிர்காலத்தை அங்கே கழிக்கப் போகிறார்கள். லாரி வாடகையைக்கூட விசாரித்து வைத்திருக்கிறார்.

கிளம்பும் முன் கடைசிச் சோதனை ஒன்றுக்கு என்னையும் வேலை வாங்கினார். நான் டார்ச்சோடு உள்ளே மல்லாந்து படுத்துக்கொள்ள வேண்டும். அவர் வெளியே குழாயில் தண்ணீர் அடிப்பார். கதவுகள் காய்ந்தே இருந்தன. உச்சித் திறப்பும் தாங்கியது. பின் கதவின் கீல் பக்கம் வந்ததும், தடுப்புச் சுவரின் மேல் ஓரத்தில் ஒரு சொட்டு திரண்டு, நின்று, என் நெற்றியில் விழுந்தது. கத்தினேன். குழாயை நிறுத்திவிட்டு உள்ளே தலையை நீட்டி, சொட்டு வந்த இடத்தைச் சாக்பீஸால் வட்டம் போட்டார்.

ரப்பர் பீடிங் மட்டும் போதாது, கீலுக்கு மேலே மழைநீர் வழிந்து ஓட அலுமினியத் தகட்டை நாலங்குல அகலத்துக்கு மடித்து ஒரு தாழ்வாரம் கொடுக்க வேண்டும் என்றார். எடை எவ்வளவு கூடும் என்று கேட்டேன். நாலடி நீளம், நாலங்குல அகலம், மனதுக்குள் பெருக்கி, "முந்நூத்து முப்பது கிராம். அதுவும் பின்னாடி" என்று சொல்லிக்கொண்டே சுவரை நோக்கி நடந்தார்.